பிற்பகல் மேடை

சென்ற ஆண்டு விழாவில் நம் மன்றத்து இளைஞர் நால்வர் ஓர் இசைக்குழு அமைத்துப் பாடியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள் என்று தொடங்க எண்ணினோம். எழுதுகோலை எடுத்த பின்னர்தான் உண்மை உறைத்தது. மறப்பதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் மேடை ஏறியபோது இரவு மணி ஒன்பதேகால். பட்டிமன்றம் முடிந்திருந்தது. பந்தியில் இலை போட்டாயிற்று என்ற செய்தி அரங்கெங்கும் பரவிவிட்டது. எஞ்சியிருந்தவர்கள் பாடுகின்றவர்களின் பெற்றோரும், ஒலிபெருக்கி வைத்தவரும், நாற்காலியிலேயே உறங்கிப்போன இரண்டு குழந்தைகளுமே. எழுந்து சென்றவர்களுள் நாமும் ஒருவர். இதை ஒப்புக்கொள்ளாமல் இம்மாதப் பகுதியை எழுதுவது முறையன்று.

நமக்கு இதில் குற்றம் இரட்டிப்பு. ஏனெனில், புதியவர்களின் இசையை எங்ஙனம் கேட்க வேண்டும் என்ற பாடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே நாம் கற்றிருந்தோம்.

புனேயில் வாழும் நமக்கு இசை விருந்துக்கு என்றும் குறைவில்லை. பண்டிதர் பீம்சேன் ஜோஷி தம் குருநாதர் சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-ஆம் ஆண்டில் தொடங்கிய விழாவை அறியாத புனேவாசி இலர். மார்கழியில் சென்னைக்குச் செல்ல இயலாத நம்மவர் பலர் அங்கே சென்று மனக்குறை தீர்ந்ததுண்டு. அதே நகரில் 2010-ஆம் ஆண்டில் வேறொரு விழா தோன்றியது. என்.எச். 7 வீக்கெண்டர் என்பது அதன் பெயர். கிதாரும் மேளமும் மின்விசைக் கருவிகளும் முழங்கும் விழா. திறந்த வெளியில் பல மேடைகள். ஒரே நேரத்தில் பல கச்சேரிகள். உட்கார இடமில்லை, நின்றுதான் கேட்க வேண்டும். பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வந்தது பழைய தேசிய நெடுஞ்சாலை ஏழுதான். காசியில் புறப்பட்டு, மதுரையையும் நெல்லையையும் தொட்டு, குமரிமுனையில் முடியும் சாலை அது. ஊர் நினைவு வந்தமையாலோ என்னவோ, அவ்விழாவிற்கு வருமாறு நம் மகள் அழைத்தபோது மறுக்கத் தோன்றவில்லை.

பகல் இரண்டு மணிக்கே புறப்பட வேண்டும் என்றாள். பெயர் பெற்றவர்கள் பாடுவது இருட்டிய பிறகுதானே என்று கேட்டோம். "அவர்களை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் அப்பா. யாரும் கேட்டிராதவர்களைக் கேட்பதற்கு இப்போதே போக வேண்டும்" என்றாள். கல்லூரியில் படிக்கும் பெண் சொன்ன இச்சொல்லை அப்போது விளையாட்டாகக் கருதினோம்.

வெயில் சாயாத பொழுதில், ஓரத்திலிருந்த சிறிய மேடையின் எதிரே முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஐந்து இளைஞர்கள் தாமே கம்பிகளைப் பூட்டி, தாமே ஒலியைச் சோதித்து, ஒருவரை ஒருவர் நோக்கித் தலையசைத்துத் தொடங்கினர். முதற் பாட்டு நம் காதுக்கு வெறும் இரைச்சல். புறப்படலாம் என்று சைகை காட்டினோம். மகள் அசையவில்லை. இரண்டாம் பாட்டில் மேளம் அடங்கியது. ஒரு பெண் குரல் தனித்து எழுந்தது. சொற்கள் விளங்காவிடினும் அக்குரலில் ஏதோ ஓர் ஏக்கம் இருந்தது. மூன்றாம் பாட்டின்போது அறுபது பேர் ஆயினர். அரைமணி நேரத்தில் அனைத்தும் முடிந்தது.

மேடையின் பின்புறம் கருவிப் பெட்டிகளுக்குக் காவலாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். பாடிய பெண்ணின் தகப்பனார் என்று பேச்சில் அறிந்தோம். இரவெல்லாம் பேருந்தில் வந்தார்களாம். அன்றிரவே திரும்ப வேண்டுமாம். இந்த அரைமணிக்காக இத்துணைத் தொலைவா என்று வியந்தோம். "வீட்டில் நான்தான் கேட்பேன். இங்கே முன்பின் அறியாதவர் அறுபது பேர் கேட்டார்கள். அது போதும்" என்று இந்தியில் சொன்னார். அறுபது பேர் என்று அவரும் எண்ணி வைத்திருந்தார் என்பதுதான் நம்மைத் தைத்தது.

பெரிய விழாக்களின் அமைப்பே இப்படித்தான். புகழ் பெற்றவர்களின் பெயரைச் சொல்லித்தான் சீட்டு விற்கிறது. அவர்களுக்கு உரியது இரவு. பகற்பொழுதும் சிறு மேடைகளும் புதியவர்களுக்கு. இதனைக் குறை என்று கொள்ளல் வேண்டா. யாருக்கோ வந்த கூட்டத்திலிருந்து ஒரு பிடி தம் பக்கம் திரும்பாதா என்ற நம்பிக்கையில்தான் இளங்குழுக்கள் பாடுகின்றன. நம் சென்னை டிசம்பர் விழாவிலும் நண்பகற் கச்சேரிகள் இளையவர்களுக்கு உரியவையே. அவற்றுட் பலவற்றுக்கு அனுமதி இலவசம். அன்று நண்பகலில் பாடியவர்களே பின்னாளில் மாலைக் கச்சேரிக்கு உயர்ந்தனர். நாளும் சபாக்களுக்குச் சென்ற நம் பெரியவர்கள், "இவரை இன்னார் என்று அறியாத நாளிலேயே நான் கேட்டேன்" என்று பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அப்பெருமை பணம் கொடுத்துப் பெறத்தக்கதன்று. பசி வேளையில் காது கொடுத்துப் பெறுவது.

உலகறிந்த சான்றுகளும் உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பண்ணை நிலம் ஒன்றில் நிகழ்ந்த உட்ஸ்டாக் விழாவில், ஒரு பிற்பகலில் சந்தானா என்ற குழு வாசித்தது. அவர்களது முதல் இசைத்தட்டு அன்று வெளிவந்திருக்கவும் இல்லை. அப்பிற்பகல் அவர்களுடைய வாழ்வையே மாற்றியது. நம்மிடையேயும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இருந்தார். மேலைநாட்டு மாண்டலினில் கமகம் பேசுமா என்று ஐயுற்றவர் பலர். அவரோ இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, மின்விசையின் துணையோடு அதனைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தினார். 1983-ஆம் ஆண்டில் மேற்குப் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. ஐயத்தோடு சென்றவர்களும் அமர்ந்து கேட்டமையால்தான் ஐயம் தீர்ந்தது.

நம்மைப் போலவே பெங்களூரில் அலுவலகப் பணி புரிந்துகொண்டே, எஞ்சிய நேரத்தில் கருநாடக இராகங்களைக் கிதாரோடு இணைத்துப் பயின்ற 'அகம்' குழுவினரையும் இங்கே நினைத்தல் தகும். 2012-ஆம் ஆண்டில் அவர்களின் முதல் இசைத்தொகுப்பு வந்தது. பிழைப்புக்கு ஒரு தொழிலும் உயிர்ப்புக்கு ஓர் இசையும் என வாழ்வது புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிதன்று.

எனவே விழாவுக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை முன்னதாகவே செல்லுங்கள். பெயர் தெரியாத ஒரு மேடையின் முன் நில்லுங்கள். முதற் பாட்டைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். பயிலாத காதுக்கு எதுவும் முதலில் இரைச்சலே. பிடித்திருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் அருகே சென்று ஒரு சொல் சொல்லுங்கள். வீடு திரும்பி இன்னும் இருவருக்குச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையேல் அடுத்த மேடைக்குச் செல்வதில் குற்றமில்லை. கேட்ட பின்னர் விலகுவது தீர்ப்பு. கேளாமலே விலகுவது அலட்சியம்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நம் மன்றத்தில் நாம் செய்தது என்ன? சாம்பார் ஆறிவிடும் என்று எழுந்தோம். மறுவாரம், அந்நால்வருள் ஒருவரின் தாயாரைக் கடைத்தெருவில் கண்டோம். அம்மையார் குறை கூறவில்லை. "பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதுங்க. பாட்டை எல்லாம் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடம் பண்ணினான்" என்று மட்டும் சொன்னார். நமக்கு மறுமொழி எழவில்லை. நம் பிள்ளைகள் தமிழை மறக்கின்றனர் என்று இப்பக்கங்களில் எத்தனை முறை வருந்தியிருக்கிறோம்! இங்கே பிறந்து, மராத்தியில் விளையாடி, ஆங்கிலத்தில் படித்த பிள்ளை ஒருவன், எவரும் ஏவாமலே, தனக்குத் தெரிந்த எழுத்தில் தமிழை ஏற்றி நம்மிடம் கொண்டுவந்தான். அவன் கொண்டுவந்த வேளையில் நாம் பந்தியில் இருந்தோம்.

அடுத்த ஆண்டு விழாவிற்கான நிகழ்ச்சி நிரலைச் செயற்குழு விரைவில் வகுக்கவிருக்கிறது. இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். இளையோரின் இசைக்குழுவை இறுதியில் தள்ளாமல், பட்டிமன்றத்திற்கு முன்பே பாடச் செய்க. அவர்கள் பாடி முடித்த பின்னரே இலை போடுக. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது செயற்குழுவைச் சார்ந்ததன்று, நம்மைச் சார்ந்தது. முன்வரிசையில் நாம் அமர்ந்திருப்போம், இரண்டாம் பாட்டு முடியும்வரையேனும். அதன் பிறகும் எழத் தோன்றுமானால், அப்போது எழுவோம்.

அந்நால்வரும் மீண்டும் பாட இசைவார்களா என்று இன்னும் தெரியவில்லை. வரும் ஞாயிறன்று நேரில் சென்று கேட்பதாக இருக்கிறோம். உடன் வர விரும்பும் அன்பர்கள் வரலாம்.