பலாங்கொடைக் கரிய கல்லும் பிரபஞ்சக் கரும்பொருளும்

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு மாணிக்கக்கல் அகழும் குழிகள் புதியன அல்ல. ஆற்றோரங்களில் தோண்டிய மண்ணைக் கூடையிலிட்டு நீரில் அலசுவார்கள். மணல் கழுவுண்டு போகும். பாரமான கற்கள் அடியில் தங்கும். நீலக்கல்லையும் புட்பராகத்தையும் பொறுக்கிக்கொண்டு, பயனற்றவற்றைக் கொட்டிவிடுவார்கள்.

அவ்வாறு எளிதில் ஒதுக்கப்படத்தக்க கல் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் கூற விழைகின்றோம். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த, கரிய, மிகப் பாரமான சிறு கல் அது. அக்காலத்து இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமியின் முயற்சியால், அது புதியதொரு கனிப்பொருளென 1904ஆம் ஆண்டில் உலகம் அறிந்தது. தோரியனைற்று என்பது அதன் பெயர். மறு ஆண்டிலே, இலண்டனில் பயின்றுகொண்டிருந்த ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், இலங்கையிலிருந்து சென்ற அக்கல்லை ஆராய்ந்து, ‘ரேடியோ தோரியம்’ என்னும் கதிர்வீசும் பொருளைக் கண்டார். இன்று அதனைத் தோரியம்-228 என்பர்.

இக்கல்லுக்கும் பேரண்டத்தின் பெரும் புதிருக்கும் தொடர்பு உண்டென்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். அத்தொடர்பு யாதெனக் காண்போம்.

பேரண்டத்திலுள்ள சடப்பொருளில் ஏறத்தாழ 85 வீதம் கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத கரும்பொருள் என விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். வேரா ரூபின் முதலியோர் 1970களில் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து, அதன் ஈர்ப்பை உணர்த்தினர். ஆனால் அது எத்தகைய துகளால் ஆனது என்பது இன்றும் விளங்கவில்லை.

அத்துகள் அணுக்கருவோடு மோதுமா என்றே முன்னர் பெரிதும் தேடினார்கள். இறப்பர்க் காய் வெடித்துத் தெறிக்கும் வித்து பாறையிற் பட்டால் பாறை அசையுமோ? மற்றொரு வித்திற் பட்டாலோ அது உருண்டோடும். அதுபோலவே, கரும்பொருள் துகள் மிக இலேசானதாயின் அணுக்கருவை அசைக்காது. இலத்திரனை உதைத்துத் தள்ளக்கூடும். இலத்திரன், மியுவோன், டௌ, மூவகை நியூத்திரினோக்கள் ஆகிய ஆறும் இலெப்டன் குலத்தவை. இக்குலத்தோடு மட்டுமே கரும்பொருள் உறவாடும் என்று கருதும் கொள்கைகளும் உள்ளன.

இத்தாலியில் கிரான் சாசோ மலையின் அடியில், 1,400 மீற்றர் பாறைக்குக் கீழே, திரவ செனன் நிறைந்த கலத்தை வைத்துக் காத்திருக்கின்றனர். இலத்திரன் ஒன்று உதைபட்டால் அங்கே மெல்லிய ஒளி மின்னும். 2020 ஜூன் மாதத்தில், 232 மின்னல்களை எதிர்பார்த்த இடத்தில் 285 தோன்றின என்று அவர்கள் அறிவித்தபோது உலகமே பரபரப்படைந்தது. கரும்பொருள் துகளை இலத்திரன் விழுங்கியிருக்கலாம் என்பதும் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயினும், சிறிதளவு திரித்தியம் கலந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. மேலும் பெரிய, மேலும் தூய்மையான கலத்தைக் கொண்டு மீண்டும் சோதித்தார்கள். 2022இல் அந்த மிகுதி காணப்படவில்லை!

சாதாரணக் கதிர்வீச்சின் மின்னல் எப்படியிருக்கும் என்பதைக் கருவிக்கு முதலிற் கற்பித்தாலன்றி, அசாதாரணமானதை அறிய இயலாது. அதற்காக அவர்கள் தோரியம்-228ஐப் பயன்படுத்துகின்றனர். அதிலிருந்து எழும் இரேடன் வாயு செனனிற் கலந்து, ஈயம்-212 ஆக மாறி, இலத்திரன்களை வீசுகின்றது. அந்த ஈயத்தின் அரைவாழ்வு பத்தரை மணித்தியாலமே. ஆதலால் சில நாட்களிற் கலம் மீண்டும் தூய்மையாகிவிடும்.

இன்று பயன்படும் தோரியம் பலாங்கொடையிலிருந்து செல்வதன்று. ஆனால் அதனை உலகுக்கு முதன்முதல் அறிமுகஞ் செய்தது நம் இலங்கை மண்ணின் கல்லே.

மாணவச் செல்வங்களே! கரும்பொருள் இலத்திரனோடு மோதியதென்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிட்டவில்லை. கூடையை அலசும் கரங்கள் மின்னுவதையெல்லாம் மாணிக்கமென்று கொள்வதில்லை. கரியதையெல்லாம் கழிவென்று தள்ளுவதும் தகாது. அந்த மலையடியில் காத்திருப்போர் செய்வதும் இதுவே.