குடியேறு முன்னே கூரையா?

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'பைத்' என்பது 'பாத' என்னும் வினையடியிற் பிறந்தது. இரவைக் கழித்தான் என்பது அதன் பொருள். 'மஸ்கன்' என்பது 'ஸகன' என்னும் அடியிற் பிறந்தது. அசைவொழிந்து அமைதியுற்றான் என்பது அதன் பொருள். நம் தமிழிலோ வீடு என்னும் சொல் 'விடு' என்பதன் நீட்சி. சுமையையும் அலைச்சலையும் விட்டு இளைப்பாறும் இடமே வீடு. இரு மொழிகளும் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தவை. ஆயினும் இவ்விடத்தில் ஒன்றையே உரைக்கின்றன. கல்லும் சுண்ணாம்பும் கட்டிடத்தை ஆக்கலாம். அங்குக் கழிந்த இரவுகளே அதனை வீடாக்கும்.

இவ்வெளிய உண்மை இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் தலைகீழாகி நிற்கிறது. இன்னும் கப்பலேறவில்லை, விமானச் சீட்டும் வாங்கவில்லை. போகும் நாட்டில் மகனுக்குத் தொழில் நிலைக்குமா என்பது தெரியாது. பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் படிப்பார்கள் என்பது தெரியாது. அண்டை அயலார் யார், ஜும்ஆவுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதும் தெரியாது. ஆனால் துபாயிலோ கோலாலம்பூரிலோ வீடு மட்டும் எழும்பிக்கொண்டிருக்கிறது! இங்கே கூடத்தில் குடும்பம் வட்டமாக அமர்ந்து, கைத்தொலைபேசியில் வந்த வண்ணப்படத்தைப் பார்த்து, "இது உம்மாவுக்கு அறை, இது விருந்தினர் அறை" என்று பங்கிடுகிறது. அதே நேரத்தில், மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டின் பத்திரம் பதிவு அலுவலகத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இந்தப் போக்கைத்தான் நான் கண்டிக்கிறேன். வெளிநாடு போவதை அல்ல. பயணத்தைக் குறை கூறுவது நம் சமுதாயத்துக்குப் பொருந்தாத பேச்சு. மரக்கலத்தால் பெயர் பெற்ற மரக்காயர்கள் நாம். சபர் போகாத வீடு நம் கடற்கரை ஊர்களில் ஒன்றுகூட இராது. போவது நம் மரபு. ஆனால் எப்படிப் போவது என்பதற்கும் நம்மிடம் ஒரு மரபு இருந்தது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பினாங்குக்குச் சென்ற நம் முன்னோரைப் பாருங்கள். 1786இல் அத்தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1801இல் அங்கே கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் தோன்றியது. சிங்கப்பூர் 1819இல் வணிகத் துறையாகத் திறக்கப்பட்டது; 1826இல் அங்கே சூலியாப் பள்ளிவாசல் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில், நாகூர் ஆண்டகையின் நினைவாக அங்கேயும் ஒரு தர்கா அமைந்தது. இவற்றை எழுப்பியவர்கள் எங்கே படுத்துறங்கினார்கள்? பெரும்பாலோர் கடையின் மேல்மாடியிலும் சரக்குக் கிடங்கின் மூலையிலும் பாய் விரித்துப் படுத்தவர்கள். தொழுகைக்கு இடம், தொழிலுக்கு இடம், பிறகுதான் தமக்கு இடம் என்பது அவர்கள் வகுத்த வரிசை. அந்த வரிசையில் கட்டப்பட்டவை இன்றும் நிற்கின்றன.

பர்மாவின் கதை இதற்கு மறுபுறம். இரங்கூனிலும் மோல்மேனிலும் நம்மவர் பலர் கடையும் மனையும் வாங்கினர். அங்கேயே வாழ்ந்து, அங்கேயே உழைத்துத்தான் வாங்கினர். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆயினும் நடந்தது என்ன? 1942இல் போருக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். மீண்டு போனவர்களுக்கு 1962இல் இராணுவ ஆட்சி வாய்த்தது. அடுத்த ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964இல் பெரிய பணத்தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டன. கப்பலேறியவர்கள் கையோடு கொண்டுவர விடப்பட்டது மிகச் சொற்பம். சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள பர்மா பஜார் அந்தத் துயரத்தின் சின்னமாக இன்றும் இருக்கிறது. அங்கேயே வாழ்ந்தவர்களின் வீடுகளுக்கே அந்தக் கதி என்றால், ஓர் இரவும் தங்காதவனின் வீட்டுக்கு எந்த உறுதி இருக்கிறது? இரங்கூனில் சூலியாப் பள்ளிவாசல் மட்டும் இன்றும் நிற்கிறது. தனக்கென்று கட்டியது போயிற்று. எல்லார்க்குமென்று கட்டியது நின்றது.

இவற்றுக்கெல்லாம் மேலான சான்றாக ஹிஜ்ரத் நம்முன் இருக்கிறது. கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்கத்தை விட்டு மதீனத்துக்குப் புறப்பட்டபோது, அங்கே அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிவைக்கப்பட்டிருந்ததா? அன்ஸாரிகள் அன்பிற் குறைந்தவர்களா? சொல்லியனுப்பியிருந்தால் மாளிகையே எழுப்பியிருக்க மாட்டார்களா? அண்ணலார் அப்படிச் சொல்லியனுப்பவில்லை. குபாவில் தங்கியபோது அங்கே பள்ளிவாசலுக்கு அடிகோலினார்கள். பிறகு மதீனத்தில் ஒட்டகம் மண்டியிட்ட இடத்தை, இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாயிருந்த நிலத்தை, இலவசமாகப் பெறாமல் விலைக்குப் பெற்றுப் பள்ளிவாசல் கட்டினார்கள். அதுவரை, ஏறத்தாழ ஏழு மாதங்கள், அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகவே தங்கினார்கள். பிறகுதான் பள்ளிவாசலை ஒட்டிப் பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்ட சிறு அறைகள் எழுந்தன.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தியையும் நினைவிற் கொள்ளுங்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்திற் பாதியைத் தர முன்வந்தார். அவரோ அதற்காக வாழ்த்துக் கூறிவிட்டு, அங்காடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். மறுநாளே பாற்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கினார். புதிய ஊருக்குப் போனவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்றோ? நம்மவரோ அங்காடிக்கு வழி கேட்கு முன்னே அரண்மனைக்கு அச்சாரம் கொடுக்கிறார்கள்.

"விலை ஏறிக்கொண்டே போகிறதே, இன்று வாங்காவிட்டால் என்றுமே வாங்க முடியாது" என்பர் சிலர். விலை ஏறும் என்பவர், அது இறங்கியதையும் சொல்ல வேண்டும். துபாயில் வெளிநாட்டவர் மனை முழு உரிமையாக வாங்கலாம் என்று 2002இல் வழி திறக்கப்பட்டது. வாங்குவோர் பணத்தைப் பாதுகாக்கத் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்ற சட்டம் 2007இல்தான் வந்தது. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது விலைகள் வீழ்ந்தன. பல கட்டிடங்கள் பாதியில் நின்றன. சில தொடங்கப்படவே இல்லை. அங்கேயே வாழ்ந்தவன் நேரிற் போய்க் கேட்டான். இங்கிருந்து பணம் அனுப்பியவனோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு வாங்கினால் தங்கும் உரிமை கிடைக்கிறதே" என்பர் வேறு சிலர். உண்மைதான். ஐக்கிய அரபு நாட்டில் 20 இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள மனை வைத்திருப்பவருக்குப் பத்தாண்டு விசா உண்டு. ஆனால் அது குடியுரிமையன்று. நிபந்தனைகளோடு கூடிய அனுமதி. மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' திட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதன்படி குடியேற விரும்புவோர் காட்ட வேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டாக இருந்தது. 2021இல் அது 40,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 2024இல் விதிகள் மீண்டும் மாறின. அவர்கள் நாடு, அவர்கள் விதி. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இன்னொருவர் விருப்பப்படி மாறும் விதியை நம்பி, மாறாத சொத்தாகிய பூர்வீக மனையை விற்பது எந்த வணிகக் கணக்கில் சேரும்?

"மார்க்கம் தடுக்கவில்லையே, கட்டி முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது ஆகுமானதுதானே" என்று கேட்டு வருவோரும் உண்டு. 'இஸ்திஸ்னா' எனப்படும் அந்த ஒப்பந்தத்தை 1992இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை ஏற்றுள்ளது, நான் மறுக்கவில்லை. ஆனால் செய்பொருளின் வகையும் அளவும் தன்மையும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். முடிக்கும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. நம்மிற் கையெழுத்திட்டவர் எத்தனை பேர் அந்த ஒப்பந்தத்தை முழுதும் படித்தார்கள்? எஞ்சிய தவணைக்கு வட்டிக் கடன் வாங்கமாட்டோம் என்று எத்தனை பேர் உறுதி கூற முடியும்? ஆகுமானது என்பது வேறு. அறிவுடையது என்பது வேறு.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். வெளிநாட்டில் எழும்பும் அந்த வீடு யார் பெயரில் எழும்புகிறது? விசா மகனுக்கு, ஆகவே பத்திரமும் மகன் பெயரில். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? வாப்பாவின் தோப்பு, பாட்டனாரின் மனை, உம்மாவின் கழுத்து நகை, மருமகளின் மஹர்ப் பொன். வாப்பா கண் மூடிய பின் ஊரில் பங்கிட என்ன மிஞ்சும்? மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு என்று இறைவன் வகுத்த சொத்து, வாப்பா உயிரோடிருக்கும்போதே கடல் கடந்து மகனின் வீடாகிவிட்டது! ஒரு பங்குக்கும் வழியின்றி நிற்கும் பெண்மக்கள் நம் தெருக்களில் உண்டு. அவர்கள் வழக்காட மாட்டார்கள். தம்பியின் மனம் நோகும் என்று வாய் திறக்கவும் மாட்டார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய அநீதி!

பஷீர் (ரலி) என்னும் தோழர் தம் மகன் நுஃமானுக்குத் தனியே ஒரு கொடை வழங்கி, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நபிகளாரை வேண்டினார். மற்ற பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று அண்ணலார் வினவினார்கள்; இல்லை என்று அறிந்ததும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கிடையே சமமாகக் கொடுப்பது கடமையா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; காரணமின்றி ஒரு பிள்ளையை மட்டும் உயர்த்துவதைப் புகழ்ந்தவர் எவருமில்லை. நபிகளார் சாட்சி சொல்ல மறுத்த ஒன்றுக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திடுகிறார்களே, அவர்கள் கை நடுங்காதா?

மருமகளின் மஹர் அவளுடைய சொத்து. கணவனுக்கும் அதில் உரிமையில்லை. மாமனுக்கு எங்கிருந்து வந்தது? அவள் மனமுவந்து கொடுத்தால் அது கடன் என்றாவது எழுதப்பட வேண்டும். அல்லது பத்திரத்தில் அவள் பெயர் ஏற வேண்டும். இரண்டும் இல்லையேல் அதற்கு வேறு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

வயது முதிர்ந்த பெற்றோரின் நிலையை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. "எல்லாரும் போகிறோம்" என்று சொல்லித்தான் ஊர் வீடு விற்கப்படுகிறது. கட்டிடம் முடியத் தாமதம், விசாவில் தடை, மகன் முதலிற் போகிறான், பிறகு மனைவி மக்கள் போகிறார்கள். சொந்த வீட்டில் அரசியாக இருந்த உம்மா, மகள் வீட்டுத் திண்ணையறையில் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார். கடலுக்கு அப்பால் அவருக்கென்று ஒதுக்கிய அறை இன்னும் படத்தில்தான் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலிற் போங்கள். வாடகை வீட்டில் ஓராண்டாவது இருங்கள். அந்த ஊரின் வெயிலையும் குளிரையும் ஒருமுறை முழுதாய்ப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்; பள்ளிவாசலைப் பாருங்கள்; மையவாடி எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்னும் மனம் அங்கே அமைதியுற்றால், உங்கள் உழைப்பில் அங்கே ஈட்டிய பொருளைக் கொண்டு கட்டுங்கள். நானே துஆச் செய்வேன். ஊர் மனையை விற்றே தீர வேண்டுமென்றால், முதலிற் பெண்மக்களை அழைத்து அமர்த்தி, அவர்கள் பங்கை அவர்கள் கையிற் கொடுத்துவிட்டு விற்பனைப் பத்திரத்திற் கையெழுத்திடுங்கள்.

பயணி ஒருவன் எப்போது ஊர்வாசி ஆகிறான்? ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு நாள், ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்குவதென்று நிய்யத் வைத்தால் அவன் 'முகீம்'; அதன் பின் அவன் தொழுகையைச் சுருக்குவதற்கில்லை. நாள் கணக்கில் இரு மத்ஹபுகளும் வேறுபடலாம். ஆனால் அவனை ஊர்வாசி ஆக்குவது தங்குதலே என்பதில் இரண்டும் ஒன்றே. வீட்டுக்கு முன் அண்டைவீட்டானைத் தேடு என்பது அரபு மக்களின் பழமொழி. அண்டைவீட்டானின் முகமே அறியாதவன் வீட்டுக்கு வாசற்கதவு தேர்ந்தெடுப்பது விந்தை!

பெரியோர்களே! கட்டிடம் கட்டுவோர் அழகிய படம் வரைந்து தருவார்கள். அது அவர்கள் தொழில். அந்தப் படத்தில் உங்கள் மகளின் கண்ணீரை அவர்கள் வரைய மாட்டார்கள். அதைக் காண வேண்டியவர்கள் நீங்கள். பத்திரத்தின் மேல் பேனாவை வைக்குமுன் ஒருமுறை அவளைத் திரும்பிப் பாருங்கள்.