தீவில் ஒரு மகாநாடு



விஞ்ஞானிகள் கூடிப் பேசுவதற்குக் கலாசாலை மண்டபம் ஒன்று போதாதா? தென்னையும் வெண்மணலும் சூழ்ந்த உல்லாசத் தீவு எதற்கு? இவ்வினா நம்மில் பலருக்கு எழும். பெரும்பாலும் அது நியாயமான வினாவே. ஆயினும், நோயாளியின் படுக்கையருகே சென்று நாடி பார்க்கும் மருத்துவரை நாம் குறை கூறுவதில்லை அன்றோ?

2000ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒன்பதாவது அனைத்துலகப் பவளத்திட்டு மகாநாடு கூடிற்று. பவளத்திட்டு வெறுங் கல் அன்று. சின்னஞ்சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய கோட்டை. அவற்றின் உடலுள் குடியிருக்கும் பாசியே அவற்றிற்கு உணவும் நிறமும் அளிக்கின்றது. கடல்நீரின் வெப்பம் மிகுந்தால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் நீடித்தால் மடியும். 1998இல் உலகப் பவளத்திட்டுகளில் 16 விழுக்காடு இவ்வாறு அழிந்ததென்று 2000ஆம் ஆண்டின் அறிக்கை மதிப்பிட்டது.

வெப்பம் மட்டுமன்று, மனிதன் கையும் குற்றவாளியே. பாலியின் கிழக்குக் கரையில் சண்டிதாசா என்னும் ஊர் உண்டு. அங்கே விடுதிகள் எழுப்புவதற்காகப் பவளத்தை வெட்டிக் காளவாயில் நீற்றினார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் நீங்கவே, கடல் மணலை வாரிக்கொண்டு போயிற்று. கடற்கரையை நம்பி வந்த விடுதிகளே கடற்கரையைத் தொலைத்தன! இதனை நேரிற் காணக்கூடிய தீவில் மகாநாடு கூடியது பொருத்தமே.

இவ்வரிசையின் முதல் மகாநாடு எங்கே நடைபெற்றது தெரியுமா? நம் மண்டபம் முகாமில், 1969 ஜனவரியில்! அது உல்லாச விடுதி அன்று. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர், நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்ட இடம். அதனை அடுத்துள்ள மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெட்டிச் சுண்ணாம்பாயிற்று. அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றன.

ஆகவே, தீவில் மகாநாடு கூட்டுவோர்க்கு ஒரு கடமை உண்டு. அத்தீவின் மீனவர்க்கு அவையில் ஓர் ஆசனம் அளித்தல் வேண்டும். ஆய்ந்து கண்டதை அவர்தம் மொழியிலேயே சொல்லிவிட்டுப் போதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் அது மகாநாடு அன்று, உல்லாசப் பயணமே.

கடமை நமக்கும் உண்டு. கோடை விடுமுறையில் இராமேசுவரம் செல்லும் நம் குடும்பத்தினர், குழந்தைகள் ஆசைப்பட்டாலும் பவளத்துண்டு எதனையும் விலைக்கு வாங்காதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது. நம் வீட்டு அலமாரியில் அழகுக்காக வைக்கும் அத்துண்டு, யாரோ ஒரு மீனவன் குடிசையைக் காத்து நின்ற சுவரின் ஒரு செங்கல் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.