கருவி கொடுத்த அரசு கேமையும் வாங்கட்டும்

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதற்கென ₹2,000 கோடியும் ஒதுக்கியது. 2026 ஜனவரியில் மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வரத் தொடங்கின. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வீட்டுக்குள் நுழையும் முதல் கணினியே அதுதான் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் ஏராளம். கல்விக்கு இது பெரிய உதவி. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசு இன்னும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரே தரத்தில், ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தில் 20 லட்சம் கருவிகள் பரவினால் அது ஒரு சந்தை. அந்தச் சந்தைக்கு வேண்டிய வீடியோ கேம்களை உருவாக்கும் வேலையைத் தருமபுரி போன்ற மாவட்டங்களின் பட்டதாரிகளிடம் கொடுத்து, முதல் கொள்முதலை அரசே செய்ய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கேம் தொழிலில் புதிய கருவிகளைப் பற்றிய ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆரவாரம் வேறு, வியாபாரம் வேறு என்பதற்குச் சான்றுகளும் உண்டு. 2012-இல் ஊயா என்ற 99 டாலர் கன்சோலுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 63,000-க்கும் அதிகமானோர் சுமார் 85 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2013-இல் கடைக்கு வந்தது. 2015-இல் ரேசர் நிறுவனம் அதன் மென்பொருள் பிரிவை வாங்கியது. 2019 ஜூனில் சேவையே நின்றுபோனது. கன்சோலே வேண்டாம், இணையம் வழியே ஆடலாம் என்று கூகுள் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. மெய்நிகர் உலகமே எதிர்காலம் என்று கோடிகோடியாகக் கொட்டிய மெட்டா, 2026 ஜனவரியில் தன் சொந்த விஆர் கேம் நிறுவனங்கள் சிலவற்றை மூடி, ஊழியர்களையும் வெளியே அனுப்பியது. பணத்துக்கோ பொறியாளருக்கோ பஞ்சமில்லாத நிறுவனங்களின் கதை இது.

கரையேறியவையும் உண்டு. 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் 2018-லேயே வெளியிட்டு, ஆண்டுக்கணக்கில் செம்மைப்படுத்தி வந்தது. அதனால் கருவி கடைக்கு வந்த அன்றே ஏராளமான கேம்கள் தயாராக இருந்தன. வால்வின் கேம் கடையான ஸ்டீமின் பயனர்களில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சிறிய எண்தான், ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு சதவீதத்தைச் சுற்றியே நின்ற எண் அது. புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், நம் புராணப் பின்னணியில் உருவாக்கிய ‘ராஜி’யை 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்ச்சில்தான் வெளியிட்டது. பிற கருவிகளுக்குச் சில வாரங்கள் கழித்தே கொண்டுபோனது. எல்லோரும் மொய்க்கும் கடைவீதியை விட்டுச் சற்றுத் தள்ளிக் கடை போட்டால் கண்ணில் படலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

வென்றவற்றையும் வீழ்ந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் துலங்கும். முதலாவது, கருவி மக்கள் கையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். நோக்கியாவின் பாம்பு விளையாட்டை யாரும் தேடிப் போய் வாங்கவில்லை. போனோடு வந்தது, உலகமே ஆடியது. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் நிறுவனம் உருவாக்கிய ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஓடியது. அதன் வெற்றிக்கு அது பெரிய காரணம். இரண்டாவது, கருவியின் சொந்தக்காரர் முதல் பணத்தை இறக்க வேண்டும். ஆப்பிளும் எபிக்கும் மைக்ரோசாஃப்டும் தங்கள் தளத்துக்குக் கேம் கொண்டுவரச் சிறு நிறுவனங்களுக்கு முன்பணமோ குறைந்தபட்ச வருவாய் உத்தரவாதமோ கொடுத்திருக்கின்றன. ஆள் சேராத தளத்துக்குக் கேம் எழுத எவரும் சொந்தக் காசைப் போட மாட்டார். கேம் இல்லாத தளத்துக்கு ஆளும் வராது. இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடியவர் தளத்தின் உரிமையாளர் மட்டுமே. தமிழ்நாட்டில் 20 லட்சம் கருவிகளைக் கொடுப்பவர் யார்? அரசு.

செல்பேசிக் கேம் எழுதிப் பிழைக்கலாமே என்று கேட்பவர்கள் அந்தச் சந்தையின் நிலையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கேம் ஆடுவோர் பல கோடி. காசு கொடுத்து வாங்குவோர் சொற்பம். மிஞ்சுவது விளம்பர வருமானம். அதற்குப் பல லட்சம் பேர் தினமும் ஆட வேண்டும். கடையின் வாடகையும் குறைவில்லை. பிளே ஸ்டோர் தரகு 30 சதவீதம் வரை இருந்து வந்தது. தன் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹936.44 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை ₹216.69 கோடியாகக் குறைத்தாலும் குற்றச்சாட்டின் மையத்தைத் தள்ளிவிடவில்லை. போன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப் ஸ்டோர் போன்ற மாற்றுக் கடைகள் வந்திருப்பது வரவேற்கத்தக்கது. கடை மாறினால் தரகு குறையும், வாங்குபவர் கூடிவிடுவாரா?

பெரிதாகப் பணம் புழங்கிய பகுதி சூதாட்டம். அதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் மூடியது. பணம் கட்டி ஆடும் கேம்களை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மாநில அரசு தானாகவே தடைச் சட்டம் கொண்டுவந்து போராடியதும் அதனால்தான். தடையை நாம் முழுமையாக ஆதரிக்கிறோம். அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணம் புழங்காத பொழுதுபோக்கு, கல்வி விளையாட்டுகளையும் ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தடுக்கும் பாதி நடைமுறைக்கு வந்துவிட்டது. வளர்க்கும் பாதிக்கு மாநில அளவில் ஒரு வழி வேண்டும்.

நம்மவர்களால் முடியுமா என்ற ஐயத்துக்கு ‘வெண்பா’ பதில் சொல்லும். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற மிகச் சிறிய குழு 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் அது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து, மாவு ஊற்றிய இட்லித் தட்டுகளை ஆவி மேலேறும்படி எந்த வரிசையில் அடுக்குவது என்று ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். தவறாக அடுக்கினால் இட்லி வேகாது. துப்பாக்கியும் இல்லை, பந்தயக் காரும் இல்லை, இட்லிச் சட்டிதான். கணினியிலும் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களிலும் ஒரே நேரத்தில் வெளியான அந்தக் கேம், 2024-இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுகக் கேம் விருதையும், தற்சார்புக் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மை விருதையும் வென்றது. நம் வீட்டு அடுக்களை உலகக் கடையில் விலைபோயிற்று.

இட்லிச் சட்டி போன மேடைக்கு ஒகேனக்கல் பரிசல் போகாதா? நடுகற்கள் நிறைந்த மாவட்டம் இது; தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் வாசலிலேயே வீரர்கள் கல்லாய் நிற்கிறார்கள். அதியமான் ஆண்ட தகடூர் இதுதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து பற்களையும் எலும்புகளையும் கெடுத்த துயரமும், அதற்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த வரலாறும் இங்கேதான். மாணவர்கள் ஆடிக் கற்கக் கூடிய கதைகள் இவை. எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்: செட்டிகரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது, கலைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் கணினி அறிவியல் பட்டதாரிகள் வெளியேறுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி, தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுவது. 2024 செப்டம்பரில் சேலம் கருப்பூரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது பக்கத்து மாவட்டத்து நற்செய்தி. கட்டடம் வந்த பிறகு அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

எனவே நம் யோசனை இது. ஆண்டுக்கு 50 கேம்களை அரசு வெளிப்படையாக அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் ₹10 லட்சம் கொடுத்து வாங்கட்டும். மொத்தச் செலவு ₹5 கோடி. மடிக்கணினிக்கு ஒதுக்கிய ₹2,000 கோடியில் நூறு ரூபாய்க்கு 25 காசு. நிபந்தனைகள் தெளிவாக இருக்க வேண்டும். கேம் தமிழில் இருக்க வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அரசு மடிக்கணினியில் ஓட வேண்டும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் சமவெளியைப் போல இணையம் கிடைப்பதில்லை. ஆகவே இணையம் இல்லாமலும் ஆட முடிய வேண்டும். பணம் கட்டத் தூண்டும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பதிப்புரிமை உருவாக்கியவரிடமே இருக்க வேண்டும். அரசு வாங்குவது மாணவர்களுக்கு வழங்கும் உரிமையை மட்டும். அதே கேமை அவர் ஸ்டீமிலோ ஸ்விட்ச்சிலோ வெளிநாட்டில் விற்றுக்கொள்ளலாம். ஐம்பதில் பாதியாவது சென்னை, கோவை தவிர்த்த மாவட்டங்களிலிருந்து வர வேண்டும். கோடோ போன்ற கட்டற்ற கேம் எஞ்சின்கள் இலவசம் என்பதால் மென்பொருள் உரிமத்துக்கென்று ஒரு ரூபாயும் செலவில்லை.

கேம்கள் விண்டோஸில் மட்டுமன்றி லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. 2011-இல் தொடங்கிய முதல் மடிக்கணினித் திட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: பொத்தானை அழுத்தினால் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் திரையில் வரும். சில நொடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் விண்டோஸைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய நல்ல இயங்குதளம் அது. அதற்குள் போக மாணவனுக்கு ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான். புதிய மடிக்கணினிகளிலும் அந்த வசதி இருக்கிறது. நல்ல தமிழ்க் கேம்கள் பத்து அங்கே இருந்தால் காரணம் கிடைத்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், பரணில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிகளுக்கும் லினக்ஸ் மறுவாழ்வு தரும். லினக்ஸில் ஓடும் கேம், ஸ்டீம் டெக் வகைக் கருவிகளுக்கும் பெரிய வேலையின்றிப் போய்ச் சேரும். உள்ளூர்ச் சந்தையும் வெளிநாட்டுச் சந்தையும் ஒரே உழைப்பில் கைகூடும் இடம் இது.

புதிய கருவிகளை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. ஸ்டீம் டெக்கும் மெட்டாவின் விஆர் ஹெட்செட்டும் இந்தியாவில் நிறுவனங்களே நேரடியாக விற்பவை அல்ல. பிறர் வழியே வரவழைத்தால் விலை எகிறுகிறது. தருமபுரி மாணவன் தான் எழுதிய கேம் அதில் ஓடுகிறதா என்று பார்க்கவே வழியில்லை. செட்டிகரைக் கல்லூரியில் ஒரு சோதனைக் கூடம் அமைத்து, இத்தகைய கருவிகளில் இரண்டிரண்டும் பல விலைகளில் சில செல்பேசிகளும் வைத்து, மாலையில் வெளியாருக்கும் திறந்துவிட்டால் போதும்.

இரண்டு மறுப்புகள் எழும். பிள்ளைகள் ஏற்கெனவே போனும் கையுமாகத் திரிகிறார்கள், அரசே கேம் கொடுக்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், எங்கோ யாரோ விளம்பரத்துக்காகவும் அடிமைப்படுத்தவும் வடிவமைத்தவற்றை. ஆசிரியர்களும் உளவியல் வல்லுநர்களும் பார்த்து ஏற்ற, முடிவுள்ள, பணம் கேட்காத கேம் அதைவிட மேல். இரண்டாவது மறுப்பு, 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவுடன் பின்தங்கி நின்ற மாவட்டத்துக்கு இதுவா முதல் தேவை என்பது. முதல் தேவை என்று நாமும் சொல்லவில்லை. குடிநீருக்கும் சாலைக்கும் உள்ள பணத்திலிருந்து எடுக்கச் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும் தொகையிலிருந்து கால் சதவீதம் ஒதுக்கி, வேலையைத் தேடி ஊரை விடுகிறவர்களில் சிலரையாவது இங்கேயே நிறுத்தலாம் என்கிறோம்.

15,000 இடைநிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், கேம் படைப்பாக்கக் கூடங்கள் அமைக்கப்படும் என்று மத்திய அரசின் 2026-27 நிதிநிலை அறிக்கையும் அறிவித்திருக்கிறது. பக்கத்துக் கர்நாடகம் இத்துறைக்கென 2024 முதல் 2029 வரைக்கான தனிக் கொள்கையே வைத்திருக்கிறது. கூடமும் பயிற்சியும் தேவைதான். ஆனால் விளைச்சல் மட்டும் போதாது, எடுக்க ஆள் வேண்டும் என்பதைச் சாலையோரம் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் பாலக்கோடு விவசாயியிடம் கேட்டால் சொல்வார். பயிற்சி கொடுத்துப் பட்டம் கொடுத்து, கொள்முதலை மட்டும் சந்தையிடம் விட்டால் கேம் எழுதக் கற்ற பிள்ளையும் பெங்களூரு பேருந்தில்தான் ஏறுவான்.

மாநில அரசு அடுத்த மடிக்கணினி ஒப்பந்தப்புள்ளியைக் கோரும் முன் கேம் கொள்முதலுக்கான அறிவிப்பை வெளியிட வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதை எழுப்ப வேண்டும். கேட்பது ₹5 கோடி. அதைக் கொடுக்காமல் இருக்க அரசிடம் காரணம் ஏதும் இல்லை.