நான்காம் இடமும் 'மரண வால்ட்' என்னும் சொல்லும்

2016 ஆகஸ்ட் 14 அன்று ரியோ ஒலிம்பிக்கின் பெண்கள் வால்ட் இறுதிச்சுற்றில் தீபா கர்மாகர் நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி மட்டுமே. அந்நாட்களில் நம் ஊடகங்கள் சலிப்பின்றி உச்சரித்த சொல் 'மரண வால்ட்'. அச்சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

1993இல் அகர்தலாவில் பிறந்த தீபா, பளுதூக்கும் பயிற்றுநரான தந்தையின் விருப்பத்தால் ஆறு வயதில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். அவருக்குத் தட்டைப் பாதம். ஓடிவந்து பலகையை மிதித்து எழுபவருக்குப் பாதத்தின் வளைவு வில்லைப் போன்றது. எழும்போது விசை தரும், இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அவ்வளைவு இல்லாத குழந்தைக்கு அதை உண்டாக்கவே பயிற்றுநர் பிஸ்வேஸ்வர் நந்தி ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார். பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு தாவுமேடை அமைத்துப் பழகிய கதை ஊரறிந்தது. அதைப் படித்து நெகிழாதவர் இல்லை. ஆனால் அந்த நெகிழ்ச்சிதான் நம்மை ஏமாற்றுகிறது என்று தோன்றுகிறது.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2006க்குப் பிறகு ஜிம்னாஸ்டிக்ஸில் மதிப்பெண் இரு பகுதிகளால் ஆனது. தாவலின் கடினத்துக்கு ஒன்று; அதைச் செய்து முடிக்கும் நேர்த்திக்கு, பத்துக்கு இத்தனை என்று மற்றொன்று. தீபாவின் புரொடுனோவா, கைகளை ஊன்றி எழுந்து வானில் இருமுறை முன்னோக்கிச் சுழன்று இறங்குவது. 1999இல் அதைச் செய்துகாட்டிய ரஷ்ய வீராங்கனை யெலேனா புரொடுனோவாவின் பெயரே அதற்கு நிலைத்தது. முன்னோக்கிச் சுழல்பவருக்குத் தரை கடைசி நொடிவரை கண்ணில் படாது. சுழற்சி குறைந்தால் கழுத்துக்கே ஆபத்து. ரியோவில் அதன் கடின மதிப்பு 7.0. அன்று தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் இரு தாவல்களுக்கோ 6.3, 6.4 மட்டுமே. ஆயினும் பைல்ஸின் நேர்த்தி 9.6ஐ எட்டியது, புரொடுனோவாவில் தீபா பெற்ற நேர்த்தி 8.266.

இந்த நேர்த்தி எங்கிருந்து வருகிறது? நீட்டிய விரல்நுனி, மடியாத முழங்கால், அசையாமல் நிற்கும் தரையிறக்கம் ஆகியன ஏழெட்டு வயதில், பஞ்சுக்குழியும் நல்ல மெத்தைகளும் உள்ள கூடத்தில், ஆயிரமாயிரம் முறை விழுந்தெழுந்து உடலில் படிய வேண்டியவை. அவை கிட்டாத நாட்டின் பிள்ளை எங்கே போய்ப் புள்ளி தேடும்? கடினத்தில்தான். கழுத்தைப் பிணைவைத்துக் கடன் வாங்குவது போன்றது அது. புரொடுனோவாவைப் போட்டிகளில் துணிந்து செய்த பிறரின் நாடுகளைப் பாருங்கள். டொமினிகன் குடியரசின் யாமிலெட் பேனியா, எகிப்தின் ஃபத்வா மஹ்மூத், உஸ்பெகிஸ்தானுக்காக 41 வயதில் ரியோவில் தாவிய ஒக்சானா சுசோவிதினா. அமெரிக்கரோ சீனரோ இப்பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் துணிவில்லை என்றா கொள்வது? தேவை இல்லை, அவ்வளவே.

'மரண வால்ட்' என்னும் சொல் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. இல்லாமையை வீரமாக மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. தெருவில் கழைக்கூத்தாடியின் சிறுமி கயிற்றில் நடக்கையில் மூச்சடக்கி நின்று, இறங்கியதும் காசெறிந்து நகர்கிறோமே, அதே பார்வைதான் இங்கும். (இலக்கியவாதிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. துயரம் தோய்ந்த வீரன் என்றால் நமக்கு ஒரு தனிச்சுவை.)

இப்படிச் சொல்வதால் தீபாவைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்குகிறோமோ என்று கேட்கலாம். இல்லை. அத்தாவலை அறிந்தே தேர்ந்தவர் அவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலம், 2015 உலகப் போட்டியில் இறுதிச்சுற்று, பின்னர் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் என்ற நிலை. இவையெல்லாம் விதிநூலைக் கூர்ந்து படித்து, தம் கையிருப்பை அளந்து போட்ட திட்டத்தின் விளைவு. அந்த அறிவைப் பாராட்ட நமக்குச் சொல் கிடைக்கவில்லை. மரணத்தோடு விளையாடினார் என்று சொல்வது எளிதாயிருந்தது. ரியோவில் அவர் ஏறத்தாழ உட்கார்ந்த நிலையில் இறங்கி, மெத்தையை உரசி எழுந்தார். அந்த உரசலின் விலைதான் 0.150 என்று பலர் எழுதினர். அகர்தலாவில் இல்லாமற்போன பஞ்சுக்குழிகளின் விலை அது என்று எழுதியவரைத் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. முழங்கால் அறுவை, 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் உலகக்கோப்பைத் தங்கம், தடைசெய்யப்பட்ட பொருளொன்று சோதனையில் தென்பட்டதால் 21 மாதத் தடை. தடை முடிந்து திரும்பியவர் 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன் ஆனார். இந்தியர் எவரும் அதற்கு முன் பெறாத பட்டம் அது. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். நான்காம் இடத்துக்குக் கண்ணீர் மல்கிய நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தங்கம் நினைவிருக்கிறது? அதில் மரணம் இல்லை. ஆகவே செய்தியும் இல்லை போலும்.