பயிரைக் கருக்கும் உப்பு வீட்டையும் உடைக்கும்

கடலேரிப் பக்கமாக உள்ள மீள்குடியேற்றக் காணி ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். பல ஆண்டுகள் கொட்டிலிலும் உறவினர் வளவுகளிலும் காலந்தள்ளிய ஒரு குடும்பம் அங்கே கல்வீடு கட்டிக் குடிபுகுந்து மூன்று வருடமாகிறது. நடுவறையில் சீமெந்து நிலம் வீங்கி மேலெழும்பி, நடுவே வெடித்திருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு கழன்று, கல்லில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. “மேசன் சீமெந்தைக் குறைச்சுப் போட்டான், ஐயா” என்றார் அந்த அம்மா. அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உப்புக் கரித்தது.

மேசன்மார் எல்லோரும் யோக்கியர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்த வீட்டில் குற்றவாளி உப்பு.

தோட்டம் செய்த எமக்கு உப்பைத் தெரியும். கிணறு சவரானால் மிளகாய்க்கன்று இலை கருகும், வெங்காயம் பருக்காது. அதே உப்பு கட்டடத்துக்கும் எதிரி என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, நிலத்தின் ஈரம் அத்திவாரத்தின் வழியே சுவரில் ஏறுகிறது. காற்றுப் படும் இடத்தில் நீர் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே தங்கிவிடும். கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் அது பளிங்காக வளர்ந்து சுற்றிலும் நெருக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு நீரை இழுத்துக் கசியும், குறைந்தால் மீண்டும் உறையும். இரவில் கசிவதும் சோளகம் வீசும் பகலில் உறைவதுமாக நாள்தோறும் நடந்தால், எந்தப் பூச்சுத்தான் தாங்கும்? நிலத்திலும் இதே கதைதான். கீழேயுள்ள நிரப்பு மண்ணின் உப்பு மெல்லிய சீமெந்துப் படைக்கு அடியில் வந்து சேர்ந்து, வருடக்கணக்கில் அதை மேலே தள்ளுகிறது.

சிந்துவெளியின் மொகஞ்சதாரோ இதற்குப் பெரிய சாட்சி. 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சுட்ட செங்கற்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தவரை கெடவில்லை. 1920களில் தோண்டி வெளியே எடுத்தார்கள். 1932இல் சுக்கூர் அணை திறந்து நீர்ப்பாசனம் பெருக, நிலத்தடி நீரும் உயர்ந்தது, உப்பும் சுவரேறியது. அங்கே முக்கியமான உப்பு சோடியம் சல்பேற்று. உலர்ந்து கிடக்கும் அந்த உப்பு நீரைச் சேர்த்துக்கொள்ளும்போது மூன்று மடங்குக்கு மேல் பருக்கும். செங்கல் மாவாக உதிர்ந்தது. 1974இல் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. சுவரைக் காக்க அங்கே செய்தவற்றில் ஒன்று, உப்புக் குறைந்த களிமண்ணைக் குழைத்துப் பூசுவது. உப்பு அந்த மண்பூச்சில் வந்து பூக்கும், செங்கல் தப்பும். நாமோ பூச்சு விழுந்ததும் இன்னும் கெட்டியாகச் சீமெந்து பூசுகிறோம். ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறுகிறது. அடுத்த வருடம் இடுப்பளவில் பூச்சு விழும்.

வீட்டுத்திட்டம் தருபவர்கள் காணி உறுதியைப் பார்க்கிறார்கள், குடும்ப அட்டையைப் பார்க்கிறார்கள். மண்ணையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தோட்ட மண்ணுக்குச் செய்யும் மின்கடத்துதிறன் சோதனையே இதற்கும் போதும். உமரி முளைக்கும் தரவையைத் துண்டாக்கி, பல வருடம் காத்திருந்த குடும்பத்துக்குக் கொடுப்பது நியாயமில்லை. “கிடைத்த காணியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?” என்று கேட்பீர்கள். முடியாதுதான். வேண்டாம் என்று சொல்லும்படி நானும் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற செலவையும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள் என்கிறேன்.

நாமாகவும் ஒன்று செய்யலாம். ஒரு பிடி மண்ணை மழைநீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தட்டில் வெள்ளையாகப் படிந்தால், சவர் நிலம் என்று எண்ணியே கட்ட வேண்டும். தரவை மண்ணால் நிரப்பக் கூடாது. கழுவாத கடற்கரை மணலைச் சாந்தில் சேர்க்கக் கூடாது. சாந்து குழைக்கும் நீரும் நன்னீராக இருக்கட்டும். அத்திவாரத்துக்கு மேல், சுவர் எழுப்புமுன், சீமெந்துச் சாந்துப் படையும் அதன்மேல் தாரும் இட்டு ஈரத்தை மறிக்க வேண்டும். நிலத்துக்கு அடியில் பருங்கல் பரப்பி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு முறை நிலத்தை உடைத்துப் போடும் செலவைவிடக் குறைவு.

நான் போன வீட்டில் அந்த நடுவறை நிலத்தை உடைத்தெடுத்து, கல்லும் பொலித்தீனும் இட்டுப் போட்டிருக்கிறார்கள். சுவரின் அடிப்பாகத்துச் சீமெந்தைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொன்னேன். சில வருடத்துக்கு ஒருமுறை அது உதிரும், திரும்பப் பூச வேண்டும். கல் மிஞ்சும். மற்ற இரண்டு அறைகளுக்கும் இப்போது காசில்லை.