கிணற்று நீச்சலும் கொள்ளிடத்து இழுவையும்

"அவனுக்கென்ன, மீன்குஞ்சு மாதிரி நீந்துவானே!" மீன்பிடிக்கப் போனவன் பிணமாகக் கரை சேரும்போது ஊரில் எழும் முதல் குரல் இது. அந்தக் குரலில் அழுகையைவிடத் திகைப்பு அதிகம். நீச்சல் தெரிந்தவனை ஆறு ஒன்றும் செய்யாது என்று எல்லோருமே நம்பிக்கொண்டிருப்பதால் வருகிற திகைப்பு. காவிரிக்கரை, தாமிரபரணிக்கரை, பாலாற்றங்கரை எங்கே போனாலும் இந்த நம்பிக்கை மாறுவதில்லை. இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது என்கிறேன் நான். நீச்சல் தெரியாதவன் முழங்கால் நனைந்ததும் நின்றுவிடுகிறான். தெரிந்தவன்தான் தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்குகிறான், அந்தப் பக்கத்து மடுவில் கெளுத்தி கிடக்கிறது என்று.

நம்முடைய நீச்சல் எங்கே கற்ற நீச்சல்? பெரும்பாலும் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிவிட்டு, மாமாவோ சித்தப்பாவோ மேலிருந்து தள்ளிவிட, தண்ணீர் குடித்துக் கற்றது. நல்ல பள்ளிக்கூடம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் எங்கும் ஓடுவதில்லை. நாலு கை போட்டால் சுவர், சுவரில் படி. அங்கே எதிரி ஆழம் ஒன்றே, ஆழத்தை நீச்சல் ஜெயித்துவிடுகிறது. ஆற்றில் ஆழம் அப்புறம்தான். முதலில் இழுவை.

இழுவைக்கு எதிரே நீச்சல் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். மேடையிலிருந்து பாய்ந்த வேகத்தையும் சேர்த்தே விநாடிக்கு 2.15 மீட்டர். அதே வாரத்தில் இங்கே மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, உபரி நீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டு போனது. பாலத்துத் தூண்களுக்கு நடுவிலும் மதகுகளுக்குக் கீழேயும் வெள்ளம் அந்த வேகத்தை அநாயாசமாகத் தாண்டும். உலகத்திலேயே வேகமாக நீந்தும் மனிதரை அங்கே இறக்கிவிட்டால் முழு மூச்சாக நீந்தும் அந்த முக்கால் நிமிடத்திலும் பின்னால்தான் போவார். அதற்குப் பிறகு இன்னும் வேகமாகப் போவார். கிணற்றில் கற்று, லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையில் மீன்பையோடு நிற்கும் நம் ஆளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத்தில் யார் இறங்குவார்கள் என்று கேட்கலாம். சரி, வெள்ளத்தை விடுங்கள். தூண்டில்காரன் ஆற்றில் நீந்தப் போவதில்லை, நிற்கப் போகிறான். ஓடும் நீரில் நிற்பதற்கும் நீச்சலுக்கும் சம்பந்தமே கிடையாது. தொடையளவு நீர், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம்: அதாவது நாம் சாவகாசமாக நடக்கும் நடை. அந்த நீர் இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறத்தாழ 10 கிலோ பாரத்துக்குத் தள்ளும். தாக்குப்பிடிக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவதும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆகாது, நான்கு மடங்காகும், 40 கிலோ. இதற்கிடையில் நீர் இடுப்புக்கு ஏறியிருந்தால், அது உடம்பில் பாதி எடையைத் தூக்கிவிட்டிருக்கும். 70 கிலோ ஆள் தரையை 35 கிலோவுக்குத்தான் அழுத்துவார். தள்ளுவது கூடக் கூட, காலைப் பிடித்து நிறுத்தும் பாரம் குறைகிறது. அடியில் பாசி பிடித்த பாறை என்றால் பேச்சே இல்லை. இதில் நீச்சல் எங்கே வருகிறது? கால் பெயர்ந்த பிறகுதான் வருகிறது.

அப்போதும் அது உதவிக்கு வருவது நிச்சயமில்லை. விழுந்தவன் செய்யும் முதல் காரியம் எழுந்து நிற்க முயல்வது. தாமிரபரணியில் பாபநாசத்துக்கு மேலே கீழே, காவிரியில் ஒகேனக்கல் பக்கம், பாறைப் படுகைகளில் இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. ஊன்றிய கால் இரண்டு பாறைகளுக்கு இடையில் செருகிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் நீர் முதுகை முன்னால் மடக்கிப் போடும், முகம் நீருக்குள். மூன்றடி தண்ணீரில், கரைக்குப் பத்தடி தூரத்தில், அருமையாக நீந்தத் தெரிந்த ஒருவன் இப்படிச் சாகலாம். விழுந்துவிட்டால் எழக்கூடாது. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை நீர்மட்டத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டு, கைகளால் சாய்வாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். புட்டம் தரையில் உராயும் இடம் வரைக்கும் எழவே கூடாது. கிணறு இதைக் கற்றுத் தராது.

"நான் பிறந்து வளர்ந்த ஆறு சார், ஒவ்வொரு மடுவும் எனக்குத் தெரியும்" என்பது அடுத்த கட்சி. ஒரு காலத்தில் இதற்கு மரியாதை இருந்தது. தாத்தா காட்டிய மடு பேரன் காலத்திலும் அங்கேயே இருந்தது. இன்றைக்கு நம் ஆற்றுப்படுகை பொக்லைன் வரைகிற படம். 2003-இல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் அள்ளுவது நிற்கவில்லை. அமலாக்கத்துறை 2023-இல் கான்பூர் ஐஐடியைக் கொண்டு குவாரிகளை அளக்கச் செய்து, அனுமதித்ததைவிடப் பல மடங்கு அள்ளப்பட்டதாகச் சொன்னது. அந்த வழக்குகள் எங்கே போய் முடியுமோ, மீன்பிடிக்க இறங்குபவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அவனுக்கு முன்னால் இருப்பது குழி. மேலே தண்ணீர் தட்டையாக, சாதுவாக ஓடும். முழங்காலளவிலிருந்து அடுத்த எட்டு இரண்டாள் ஆழம். குழியின் விளிம்பு தளர்ந்த மணல். ஏறப் பிடித்தால் கையோடு சரிந்து வரும். குழிக்குள் தண்ணீர் மந்தமாக இருப்பதால் பெரிய மீன் அங்கேதான் ஒதுங்கும் என்பது அவனுக்கும் தெரியும். போன ஆண்டு பார்த்த படுகை இந்த ஆண்டு இல்லை. பழக்கம் இங்கே அறிவு ஆகாது, பழைய செய்தித்தாள் ஆகும்.

2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கிய நான்கு பள்ளி மாணவிகள் மூழ்கி இறந்தார்கள். அது வெள்ளக்காலம் அல்ல. அதற்கு முந்தைய ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணையில் ஏழு பேர், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். அவர்கள் மீன்பிடிக்கப் போனவர்கள் இல்லை, நீச்சல்காரர்களும் இல்லை என்று என் வாயை அடைக்கப் பார்ப்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் இறந்தபோது நாம் என்ன சொன்னோம்? "நீச்சல் கற்றுக்கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்." தூண்டில்காரன் இறக்கும்போது, "நீச்சல் தெரிந்தும் விதி விடவில்லை." இரண்டு சாவிலும் ஆற்றைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தடுப்பணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தூண்டில்காரர்களின் கோயில் அதுதான். புதுத் தண்ணீர் வந்ததும் மீன் ஏறுகிறது. கெண்டையும் அயிரையும் எதிர்த்துப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு கீழே குவிகின்றன. அதனால் ஆளும் அங்கே குவிகிறான். இப்போது அந்தச் சுவரில் தண்ணீர் வழிவதைப் பாருங்கள். மேலிருந்து விழும் நீர் நேராக அடிக்குப் போகிறது. அடியில் மோதி, கொஞ்ச தூரம் தள்ளி மேலே வந்து, மேல்மட்டத்தில் திரும்பச் சுவரை நோக்கியே ஓடுகிறது. விழுந்தவன் ஆட்டுக்கல்லில் மாவு புரள்வதுபோல ஒரே இடத்தில் புரள்கிறான். நீந்தி வெளியே வரப் பார்த்தால் மேல்நீர் சுவருக்கே இழுக்கும். சுவரருகே போனால் விழும் நீர் அமுக்கும். அந்த வெள்ளை நுரை முழுக்கக் காற்று. காற்று கலந்த நீர் உடம்பைத் தூக்காது. நுரையில் கை வீசினால் பிடிமானமும் கிடைக்காது. இடுப்பளவு உயரமே உள்ள சுவருக்குக் கீழும் இது நடக்கும். பார்ப்பதற்கோ அருவிக் குளியல் போல் அழகாக இருக்கும், குடும்பத்தோடு வந்து செல்ஃபி எடுப்பார்கள். சுவரடித் தளத்தைத் தாண்டினால், ஆண்டாண்டாக விழுந்த நீர் படுகையை அரித்துத் தோண்டிய குழி வேறு. மீன் அங்கே குவிவதற்கும் ஆள் அங்கே சாவதற்கும் காரணம் ஒரே சுவர்.

பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். "ஆழமான பகுதி. குளிக்கத் தடை." இந்தப் பலகை மேல் எனக்குத் தீராத கோபம். ஆழம் என்று எழுதினால் நீச்சல்காரன் அதைத் தனக்கல்ல என்று எடுத்துக்கொள்கிறான்; குளிக்கத் தடை என்றால் மீன்காரன் தனக்கல்ல என்கிறான். இருவரும் நியாயமாகத்தான் வாசிக்கிறார்கள். நீர் உங்களைத் திரும்பச் சுவருக்கு இழுக்கும் என்று எழுத ஒரு வரி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

அணையில் திறந்துவிடும் தண்ணீருக்கு வரும் எச்சரிக்கையும் அப்படித்தான். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தால் கல்லணையைத் திறக்க மூன்று நாலு நாளாகும். அதாவது வானத்தில் மேகமே இல்லாத நாளில், மழையே பார்க்காத ஊரில் ஆறு ஏறும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று வரிசையாகக் கதவணை மின்நிலையங்கள். கதவு ஏறி இறங்குவதற்கேற்ப ஆறும் ஏறி இறங்கும். "கரையோர மக்களுக்கு எச்சரிக்கை" வரும், மறுப்பதற்கில்லை. ஆற்றின் நடுவே மணல்திட்டில் நிற்பவன் கரையோர மக்களில் சேர்த்தியில்லை. செல்போன் பைக் பெட்டியில் இருக்கும். எத்தனையோ ஆயிரம் கன அடி என்று செய்தி வாசிப்பார்கள். ஒரு கன அடி என்றால் விநாடிக்கு 28 லிட்டர் என்பதையும், அது நம் ஊர்த் துறையில் எத்தனை அடி ஏறும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. திட்டுக்குப் போகும்போது முழங்காலளவு இருந்த வாய்க்கால் திரும்பும்போது மார்பளவு. நீச்சல் தெரிந்தவன் இங்கேதான் அந்தப் பழைய தப்பைச் செய்கிறான்: காத்திருக்காமல் கடக்கப் பார்க்கிறான்.

வீச்சுவலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கயிற்றை மணிக்கட்டில் முடிச்சாகப் போடாதீர்கள். ஈயக்குண்டு வரிசை பாறையில் மாட்டி, காலும் வழுக்கினால், அந்த முடிச்சு உங்களை நீருக்கடியில் நங்கூரம் போட்டு வைக்கும். இழுத்தால் கழலும் சுருக்கு போதும். வலை போனால் இன்னொன்று வாங்கலாம். சரக்கு போட்டுவிட்டு இறங்குபவரிடம் பேசிப் பயனில்லை, அவருக்கு இந்தக் கட்டுரையே எழுதவில்லை.

சாவு நடந்த பிறகு வேறொரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. "அந்தக் கசம் வருஷத்துக்கு ஒரு ஆளைக் காவு கேட்கும்." இதைச் சொல்பவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் கண்டது உண்மை. அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப ஆள் போகிறது. அதே சுவர், அதே குழி, அதே வளைவு இருக்கும்வரை அதே நீர் அதையேதான் செய்யும். இவ்வளவு துல்லியமாகக் கண்டவர்கள், காரணத்தை மட்டும் முனிக்குக் கொடுத்துவிட்டார்கள். முனி என்று ஆனபின் குழியை மூடச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது? இறங்கும் முன் நீச்சல் மேல் பாரத்தைப் போட்டு நம்பிக்கை, இறந்த பின் விதி மேல் பழியைப் போட்டு ஆறுதல். தோண்டியவன், கட்டியவன், திறந்தவன் எல்லோரும் இடையில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நீச்சலே வேண்டாம் என்கிறீரா என்று யாராவது கேட்பார்கள். கட்டாயம் வேண்டும், பிள்ளைகளுக்கெல்லாம் வேண்டும். விழுந்தபின் மிதக்க அது வேண்டும். விழாமல் இருக்க வேறு வேண்டும்: தோளுயர மூங்கில் கழி ஒன்று, அடுத்த எட்டுக்கு முன் அடியைக் குத்திப் பார்க்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகரும் பழக்கம், தொடைக்கு மேல் ஏறாத கட்டுப்பாடு, அடி தெரியாத கலங்கலில் இறங்காத புத்தி. கூட இன்னொருவர். அவர் கரையில் இருக்க வேண்டும், உங்களோடு தண்ணீரில் அல்ல.

கரையில் இருப்பவர் கையில் லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டாலும், காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றும் கயிறும் இருக்கட்டும். மூடி இறுக்கிய அந்தக் கேன் ஐந்து கிலோவைத் தாங்கும். ஓர் ஆளின் தலையை நீருக்கு மேலே வைக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறக்குறைய அவ்வளவுதான். கிணற்றில் நம் முதுகில் கட்டிய அதே கேன். மூழ்குபவன் சினிமாவில் போலக் கத்த மாட்டான். மூச்சு வாங்கவே வாய் போதாதவனுக்குச் சத்தம் ஏது? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து வந்தாலே போதும், கேனை வீச வேண்டும். குதிக்கக் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான் முதலில் குதிப்பார், அந்த நல்ல மனசுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். மூழ்குபவன் பிடிக்கும் பிடியில் இரண்டு பேரும் போவார்கள்.

நீர்வளத்துறையிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தடுப்பணையின் கீழ்முகத்தைச் செங்குத்தாக விடாமல் படியாகவோ சரிவாகவோ கட்டினால், கீழே பெருங்கற்களைப் போட்டால், அந்தப் புரளல் உடையும். பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. மீன் ஏறிப் போக ஒரு வழி விட்டால் அது சுவரடியில் குவியவும் குவியாது, அதைத் தேடி ஆளும் வரமாட்டான். அவர்கள் செய்யும்வரை தூண்டில்காரர் சுவரிலிருந்து நூறடி தள்ளிக் கரையில் உட்காரலாம். மீன் அங்கேயும் கடிக்கும், கொஞ்சம் குறைவாக.